மறுசோற்றுக்கு ஒரு வாக்கியம்

உட்காருங்க தங்கச்சி. வார்டன் மேடம் மீட்டிங்கில் இருக்காங்க, வர முக்கால் மணி ஆகும். ஃபாரத்தை இப்படிக் கொடுங்க, நான் வாங்கி வைக்கிறேன். மகளா? பி.காமா? நல்லது. ஏம்மா, நிற்காதே, அந்த நாற்காலியில் உட்கார். கூச்ச சுபாவமோ? இருக்கட்டும், பொம்பளைப் பிள்ளை அப்படி இருந்தால்தான் நல்லது.

நான் இங்கே மேட்ரன். பேர் சொர்ணபாய். இந்த ஹாஸ்டலுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் மகன் ஓசூரில், மகள் நாசரேத்தில், ரெண்டு பேரும் குடும்பமாகிவிட்டார்கள். அவங்க அப்பா போனதுக்கு அப்புறம் கர்த்தர் எனக்கு இந்த இருநூறு பிள்ளைகளைக் கொடுத்தார். எல்லாம் என்னை அம்மான்னுதான் கூப்பிடும். எது சாப்பிட்டுது, எது சாப்பிடலை, எது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க நிம்மதியாக விட்டுவிட்டுப் போகலாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லி வைக்கிறேன். இங்கிலீஷ் டிபார்ட்மெண்டில் பூங்கோதைன்னு ஒரு மிஸ் இருக்காள். அவளிடம் ஜாக்கிரதை. நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை உபவாசத்தில் அவள் பேரையும் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். கர்த்தர் அவளுக்கு நல்ல புத்தி கொடுக்கணும், இல்லையென்றால் வேறு காலேஜில் வேலை கொடுக்கணும். ரெண்டில் எது கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரி. வயது முப்பது இருக்காது. ஆம்பளை வாட்ச் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வருவாள். போன வருஷம் ஜூனில் சேர்ந்தாள். அதுவரைக்கும் இங்கே இங்கிலீஷ் பாடம் நடத்தியவர்கள் எல்லாம் அவரவர் வகுப்பில் நடத்தினோமா, நோட்ஸ் கொடுத்தோமா, போனோமா என்று இருந்தவர்கள். இவள் வந்ததும் பிரின்சிபாலிடம் என்ன சொன்னாளாம் தெரியுமா? பிள்ளைகள் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்திருக்கிறார்கள், எழுதச் சொன்னால் எண்பது மார்க் வாங்குகிறார்கள், ஆனால் ஒருத்தர் எதிரில் நின்று ஒரு கேள்வி கேட்டால் கழுத்து வரைக்கும் வேர்க்கிறது, காதும் வாயும் இதுவரை பள்ளிக்கூடம் போகவே இல்லை என்றாளாம். வேர்த்தால் என்ன? அடக்கமான பிள்ளைக்கு வேர்க்கத்தான் செய்யும்.

வகுப்போடு நின்றிருந்தால் எனக்கென்ன? சாப்பாட்டு ஹாலுக்குள் வந்துவிட்டாள்.

ஜூலை மாசம். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு சட்டம். முதல் சோறு வழக்கம்போல வரிசையில் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம். மறுசோறு வேண்டும் என்றால் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லிக் கேட்கணும். தப்பாகச் சொல்லலாம், பாதி சொல்லலாம், ரைஸ் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், ஆனால் வாயால் கேட்கணும். கை காட்டக் கூடாது. இதற்காக அவளே தினமும் வந்து சாம்பார் வாளிக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நிற்பாள். ஒரு லெக்சரர் நிற்கிற இடமா அது? சமையற்காரிகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாகப் போய்விட்டது. ஒருத்தி தாயே பசிக்குது என்று பிச்சை கேட்கிற மாதிரி இங்கிலீஷில் ராகம் போட்டுக் கேட்பாள், இவளும் சிரித்துக்கொண்டே ரெண்டு கரண்டி கூடப் போடுவாள். தூத்துக்குடி கான்வெண்டில் படித்த ஷெர்லின் என்று ஒருத்தி உண்டு, அவள் ஊறுகாய்க்கே நாலு வாக்கியம் பேசுவாள். எல்லாம் சரி. ஆனால் இசக்கியம்மாள்?

இசக்கியம்மாள் முக்கூடல் பக்கம். அப்பா கிடையாது. அம்மா பீடி சுற்றுகிறாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறின முதல் ஆள் இவள்தான். மூணாவது வருஷம் பி.காம். இந்த வருஷம் முடிந்ததும் ஒரு வேலையில் சேர்ந்து அம்மாவைப் பீடி முறத்தை விட்டு எழுப்பணும், அது ஒன்றுதான் அவள் மனசில். மெலிந்த பிள்ளை, ஆனால் சாப்பாடு நன்றாகச் சாப்பிடும். என்னிடம் மட்டும்தான் பேசும். என் அறையில் வந்து உட்கார்ந்து பூக்கட்டிக் கொடுக்கும். என் மகளைவிட எனக்கு ஒரு படி மேல் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பிள்ளை, சட்டம் வந்த அன்றைக்கு முதல் சோற்றோடு தட்டைக் கழுவிவிட்டது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் கூப்பிட்டு ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே தட்டு வைத்து மூடிக் கொடுத்தேன். வேண்டாம்மா, நாளைக்குக் கேட்டுருவேன் என்றது. நீ ஒன்றும் கேட்க வேண்டாம், சாப்பிடு என்றேன். ஒன்பது நாள் அப்படிக் கொடுத்தேன்.

பத்தாவது நாள் என்ன ஆச்சு என்றால், அன்றைக்குப் புதன்கிழமை, முட்டை நாள். இசக்கி முதல் சோறு முடித்துவிட்டு எழுந்து வந்து தட்டோடு அந்த மிஸ் முன்னால் நிற்கிறது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். இசக்கி வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. இவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகச் சும்மா நிற்கிறாள். கல்நெஞ்சம். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு கை சோறு அள்ளி இசக்கி தட்டில் போட்டுவிட்டேன். போய் உட்காருட்டி என்றேன். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மிஸ் முகம் மாறிவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் என்னைக் கேட்டாள். "அம்மா, அவ கேட்க வந்துட்டா. இன்னும் ஒரு நிமிஷம் நீங்க பொறுத்திருக்கக் கூடாதா?"

ஒரு நிமிஷமாம். பசிக்கிற பிள்ளைக்கு ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம் என்று பெற்றவளைக் கேட்டால்தானே தெரியும்? அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அன்றைக்கே முழங்கால் போட்டு ஜெபித்தேன். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருகிற நாள். வந்தவர்களிடம் ஒவ்வொருத்தராக விஷயத்தைச் சொன்னேன். பிரின்சிபாலுக்கு ஒரு மனு போயிற்று. எழுதியது நான் இல்லை. இப்படி இப்படி எழுதுங்க என்று சொன்னது மட்டும்தான் நான். ஹாஸ்டலில் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஒரு வரி. பட்டினி என்று எழுதினால்தான் பிரின்சிபால் படிப்பார். முப்பத்திரண்டு கையெழுத்து. இசக்கி அம்மாவும் போட்டாள். இசக்கி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது, பாவம், எல்லாம் கூச்சம்தான். திங்கட்கிழமை சட்டம் ரத்து. அந்த மிஸ் சாப்பாட்டு ஹாலுக்கு வருவதும் நின்றது.

கர்த்தர் கேட்டார் என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை.

இந்த ஹாஸ்டலில் செல்போன் எல்லாம் என் பீரோவில்தான் இருக்கும். சாயந்தரம் ஆறு மணிக்குக் கொடுப்பேன், ஏழு மணிக்குத் திரும்ப வாங்கிவிடுவேன். வீட்டுக்குப் பேசுவதற்கு அந்த ஒரு மணி நேரம். நவம்பரிலிருந்து அந்த மிஸ் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறிலிருந்து ஏழுக்குள் எந்தப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் ஒரு போன் வரும். புது நம்பராக இருக்கும். கம்பெனி ஆபீசர் மாதிரி இவளே குரலை மாற்றிப் பேசுவாள். சில நாள் கேரளாக்காரி யாரையோ, டெல்லிக்காரி யாரையோ பேசச் சொல்வாள். வேண்டுமென்றே பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தத்துக்கு நடுவில் பேசுவாள். பிள்ளை அதைக் காது கொடுத்துக் கேட்டு, எங்கே வரணும், எத்தனை மணிக்கு, என்ன கொண்டு வரணும் என்று தாளில் எழுதணும், புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கணும். மறுநாள் வகுப்பில் தாளைக் காட்டணும். வெளியுலகத்தில் யாரும் நோட்ஸ் கொடுத்துவிட்டுப் பேச மாட்டார்களாம்.

முதல் நாள் இசக்கிக்குப் போன் வந்தபோது அது என் அறையில்தான் இருந்தது. பாம்பைப் பார்த்த மாதிரி போனைப் பார்த்தது. நான் ஷெர்லினைக் கூப்பிட்டேன். இந்தா, இவள் பேரைச் சொல்லி நீ பேசிவிடு என்றேன். ஷெர்லின் தங்கமான பிள்ளை, உடனே பேசிவிட்டது, இசக்கி தாளில் எழுதிக்கொண்டது. முடிந்தது விஷயம். ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்வதைத்தானே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? ரெண்டாவது தடவை இசக்கி, நானே பேசிப் பார்க்கேன்மா என்றது. உளறினால் வகுப்பில் மானம் போகும், சும்மா இரு என்றேன். இப்படி ஏழு தடவை. அந்த மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு படித்தவளுக்குக் குரல் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பாருங்க. இசக்கி ரொம்ப முன்னேறிவிட்டாள் என்று வகுப்பில் எல்லாரையும் கை தட்டச் சொன்னாளாம். அன்றைக்கு இசக்கி சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் சில பிள்ளைகளுக்குப் பசிக்காது.

ஜனவரியில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. வெளிநாட்டுக்காரர்களிடம் போனில் பேசுகிற வேலை. காலேஜிலிருந்து எட்டுப் பேர் பேரைக் கொடுத்தார்கள். அதில் ஷெர்லின் உண்டு. இசக்கி பேரையும் அந்த மிஸ்தான் எழுதினாள். முதல் சுற்று போனிலேயே. குறித்த நாளில் காலை பதினொரு மணிக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

நான் அன்றைக்கு உபவாசம். ஷெர்லினிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிட்டேன். பத்தே முக்காலுக்கு மூணு பேரும் என் அறையில் உட்கார்ந்தோம். கதவைச் சாத்தினேன். இசக்கி ஒரே பிடிவாதம், நானே பேசுறேன், நானே பேசுறேன் என்று. அம்மாவை நினைச்சுப் பாருட்டி, இன்னும் எத்தனை வருஷம் முறத்தோட உட்கார்ந்திருப்பா என்றேன். அது போனை ஷெர்லின் பக்கம் தள்ளி வைத்தது. போன் அடித்தது. ஷெர்லின் எடுத்து, எஸ் மேடம், இசக்கியம்மாள் ஸ்பீக்கிங் என்று அழகாக ஆரம்பித்தது. நானும் கேட்கணும் என்று ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி அம்மாள் சிரித்துக்கூடப் பேசினாள்.

அப்புறம் ஏதோ கேட்டாள். ஷெர்லின் நிறுத்திவிட்டு இசக்கியைப் பார்த்தது. என்னட்டி என்று சைகையில் கேட்டேன். உங்கள் அம்மா காலையிலிருந்து என்னென்ன செய்வார்கள், ஒரு நாளைச் சொல்லு என்று கேட்டிருக்கிறாள். ஷெர்லின் அம்மா டீச்சர். பீடி வீட்டைப் பற்றி அதுக்கு என்ன தெரியும்?

இசக்கி எழுந்து வந்து ஷெர்லின் கையிலிருந்து போனை வாங்கிவிட்டது.

நான் கையைப் பிடித்தேன் தங்கச்சி. தட்டிவிட்டது. இத்தனை நாள் சோறு போட்ட கையை. பேச ஆரம்பித்தது. ஒரு வார்த்தை சொல்லும், நிற்கும், சாரி என்னும், மறுபடி முதலிலிருந்து சொல்லும். மதர், பீடி, லீஃப், இலையை நனைக்கிறதுக்கு இங்கிலீஷ் தெரியாமல் வாட்டர், வாட்டர் என்று சொல்லிக்கொண்டு நின்றது. எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் அந்த அம்மாள் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். இசக்கி என்னையும் பார்க்கவில்லை, ஷெர்லினையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னது. எனக்கே புரிகிற இங்கிலீஷ் அது.

"தட் வாஸ் மை ஃப்ரெண்ட், மேடம். திஸ் இஸ் மீ."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்கள். பிரின்சிபாலுக்குக் கடிதம் வந்தது. இசக்கி பேரை அடித்துவிட்டார்கள், ஷெர்லின் பேரையும்தான். பொய் சொன்னால் கர்த்தருக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியாதா? ஆனால் இது பொய்யா? ஒரு பிள்ளை பிழைப்பதற்கு இன்னொரு பிள்ளை வாய் கொடுத்தது. உண்மையைச் சொல்கிறேன் என்று அந்த ஒரு நிமிஷத்தில் இசக்கிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்தத் திமிர் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? எல்லாம் மாடியில் இருக்கிற அந்த இங்கிலீஷ் டிபார்ட்மெண்டிலிருந்து வந்ததுதான்.

விசாரணையில் இசக்கி என் பேரைச் சொல்லவில்லை. தானே ஷெர்லினைப் பேசச் சொன்னதாகத் தன் தலையில் போட்டுக்கொண்டது. அதற்கு மட்டும் நன்றி உண்டு. ஆனால் அந்த மிஸ் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏழு தடவையும் நான் ஷெர்லின்கிட்டதான் பேசினேனாம்மா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தவே மாட்டாள், அதுதான் அவளிடம் இருக்கிற விஷம். ஏதோ ஆனது ஆகிவிட்டது, இனிமேல் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"கர்த்தர் பார்த்துக்குவார்மா," என்றாள். "ஆனா அந்தப் போன்ல பதில் சொல்ல வேண்டியது அவதானே?"

அதற்கு எதற்குக் கர்த்தர் பேரை இழுக்கணும்? நான் அன்றைக்கு ராச்சாப்பாடு சாப்பிடவில்லை.

அதோடு இசக்கி என் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டது. சண்டை எல்லாம் இல்லை. பார்த்தால் சிரிக்கும். ஆனால் பூக்கட்ட வரவில்லை. சாயந்தரம் நாலரை மணிக்கு மாடிக்குப் போய்விடும், அந்த மிஸ்ஸோடு. என்ன செய்வார்களோ, ஒரே பேச்சுச் சத்தம். இதில் பெரிய கூத்து எது என்றால், சாப்பாட்டு ஹாலில் அந்தச் சட்டம்தான் போய்விட்டதே? நான்தானே பாடுபட்டு எடுத்தேன்? எல்லாப் பிள்ளைகளும் தட்டை நீட்டி மறுசோறு வாங்கிக்கொண்டு போகிறார்கள். இது மட்டும் வந்து நின்று இங்கிலீஷில் கேட்கும். பின்னால் நிற்கிற பிள்ளைகள் சிரிக்கும், ஏட்டி லண்டன்காரி, சீக்கிரம் நகரு என்னும். அது அசையாது. சொல்லி முடித்துவிட்டுத்தான் தட்டை நீட்டும். ஒரு நாள் நான் வழக்கம்போல அது வருவதற்கு முன்னாலேயே கரண்டியில் சோற்றை அள்ளி வைத்திருந்தேன். தட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டது. "நான் கேட்கேன்மா. கேட்டதுக்கப்புறம் போடுங்க" என்றது.

யார் முன்னால் யார் பேசுகிற பேச்சு அது? சமையற்காரிகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. நான் கரண்டியை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் மதுரையில் ஒரு கம்பெனிக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்குப் போய் அங்கேயும் தோற்றது. அழவில்லை. என்னென்ன கேட்டார்கள், எதற்குப் பதில் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு நேரே மாடிக்குத்தான் போகும். என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அலைச்சல் உண்டா? ஷெர்லின் முதலிலேயே ஒழுங்காக முடித்திருப்பாள்.

இப்போது தூத்துக்குடியில், கப்பல் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீங்க. போன் எடுக்கிற வேலை. நாலு தேசத்துக் கப்பல்காரனும் பேசுவானாம், இது பதில் சொல்லுமாம். போன வாரம் டி.சி. வாங்க வந்தபோது அவள் அம்மாவும் கூட வந்திருந்தாள். லட்டு டப்பாவோடு முதலில் மாடிக்குப் போனார்கள். அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க செஞ்ச ஜெபம்தாம்மா என்றாள். அவளுக்காவது தெரிந்திருக்கிறதே. பின்னே யார் ஜெபம்? அந்த மிஸ் ஜெபிக்கிற ஆளா? இசக்கி லட்டை மட்டும் நீட்டியது.

சரி, போகட்டும். நான் யாரிடமும் எதையும் எதிர்பார்க்கிறவள் இல்லை. உங்களிடம் இதையெல்லாம் சொன்னது மகளை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்பதற்காகத்தான். இந்த வருஷம் அந்தச் சாப்பாட்டுச் சட்டத்தைத் திரும்பக் கொண்டு வரணும் என்று படிப்பு முடித்துப் போன பழைய பிள்ளைகளே எழுதிக் கொடுத்திருக்காம். கையெழுத்துப் போட்டதில் ஷெர்லினும் உண்டு. நான் இன்னும் பிரின்சிபாலைப் பார்க்கவில்லை. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நல்லது. வேண்டாம் என்று நாலு பெற்றோர் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏம்மா, உன் பேர் என்ன? ஆனந்தசெல்வியா? பாருங்க, அதைக்கூட நீங்கதான் சொல்லவேண்டியிருக்கு. நல்ல பிள்ளை. உன்னைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. பயப்படாதே கண்ணு. உனக்கு என்ன வேணும் என்று உன் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன். நான் இருக்கிற வரைக்கும் இந்த ஹாஸ்டலில் நீ வாயைத் திறக்க வேண்டியதே வராது.